லாரி பம்பரில் ஃபாக் லைட்: எந்த பிராக்கெட்டை நம்பி மாட்டலாம்?

கேள்வி: "என்னிடம் 12 சக்கர லாரி இருக்கிறது. நாமக்கல்லில் இருந்து மாதம் இரண்டு நடை டெல்லி பக்கம் போகிறது. டிசம்பர், ஜனவரியில் குவாலியர் தாண்டிவிட்டால் மூடுபனியில் ரோடே தெரிவதில்லை என்கிறார் டிரைவர். பம்பரில் இரண்டு ஃபாக் லைட் மாட்டலாம் என்று இருக்கிறேன். கடையில் எல் வடிவ இரும்பு பிராக்கெட், எஸ்.எஸ். (துரு பிடிக்காத ஸ்டீல்) பிராக்கெட், பைப் கிளாம்ப் என்று மூன்று வகை காட்டுகிறார்கள். எதை வாங்குவது?"

முதலில் விடை. உங்கள் வண்டிக்கு 5 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) தகட்டில் செய்த எல் பிராக்கெட் போதும். ஆனால் அதன் கை, அதாவது விளக்கைத் தாங்கி நீளும் பகுதி, முடிந்தவரை குட்டையாக இருக்க வேண்டும், உள்மூலையில் ஒரு முக்கோண முட்டு வைத்து வெல்டிங் செய்திருக்க வேண்டும். கடையில் தொங்கவிட்டிருக்கும் எல் பிராக்கெட் பெரும்பாலும் இப்படி இருக்காது. மெல்லிய தகட்டை மடித்து கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். அதை வாங்குவதைவிட பட்டறையில் சொல்லி வெட்டிச் செய்துகொள்வது நல்லது. அரை மணி நேர வேலைதான்.

எதற்காக இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சங்ககிரியில் லாரிகளுக்கு லைட் வேலை பார்க்க ஆரம்பித்த புதிதில் நான் செய்த ஒரு தவறு இன்னும் மனதில் இருக்கிறது. ஒரு வண்டிக்கு நல்ல விலையுள்ள இரண்டு விளக்குகளை 3 மி.மீ. தகட்டில், ஒரு சாண் நீளக் கை வைத்து மாட்டிக் கொடுத்தேன். விளக்கு கிரில்லுக்கு முன்னால் நன்றாகத் துருத்தித் தெரிய வேண்டும் என்று ஓனர் கேட்டார், நானும் சரி என்றேன். இரண்டாவது நடை முடிந்து வண்டி வந்தபோது இடது பக்க விளக்கு வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. வலது பக்க பிராக்கெட்டின் மடிப்பில் தலைமுடி போல ஒரு விரிசல். பள்ளத்தில் விழுந்திருக்கும் என்று நான் சொல்ல, டிரைவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, "இங்கே வந்து பாருங்கண்ணா" என்றார். வண்டி நின்ற இடத்திலேயே அந்த விளக்கு கலங்கலாகத் தெரியும் அளவுக்கு ஆடியது. அந்தத் தகட்டை ரோடு உடைக்கவில்லை, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடிய இன்ஜின்தான் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்திருக்கிறது.

இதன் கணக்கு எளிது. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஐடிலில் ஓடும்போது நொடிக்கு 30 முறை வெடிப்பு நடக்கிறது. நான்கு சிலிண்டர் என்றால் 20 முறை. அந்த உதறல் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வழியாக பம்பருக்கு வந்துகொண்டே இருக்கும். விளக்கும் பிராக்கெட்டும் சேர்ந்து ஆடும் இயல்பான வேகம் ஒன்று உண்டு. அது இந்த எண்ணை ஒட்டி அமைந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுவது போல ஆகிவிடும். தள்ளுவது சிறிதானாலும் ஆட்டம் பெரிதாகும். அதனால் பிராக்கெட் இந்த வேகத்துக்கெல்லாம் அசையாத அளவுக்கு விறைப்பாக இருக்க வேண்டும். பாரத்தைத் தாங்குமா என்று மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள். ஒன்றரை கிலோ விளக்கை 2 மி.மீ. தகடுகூடத் தாங்கிவிடும். ஆடாமல் பிடித்திருக்குமா என்பதே கேள்வி.

விறைப்புக்கு இரண்டு வழி. தகட்டின் தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகிறது. 3 மி.மீ.க்குப் பதில் 5 மி.மீ. போட்டாலே நாலரை மடங்குக்கு மேல். கையின் நீளமும் அப்படித்தான். 10 செ.மீ. கையை 5 செ.மீ. ஆக்கினால் அதே பாரத்துக்கு முனை வளைவது எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. அதனால் என்னைக் கேட்டால் முதலில் கையைக் குட்டையாக்குங்கள், அப்புறம் தகட்டைத் தடிமனாக்குங்கள். கையைக் குறைக்கக் காசே செலவில்லை. விளக்கின் பின்பக்கத்துக்கும் பம்பருக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும். வயர் வரவும், விளக்கைச் சற்று மேலும் கீழும் சாய்க்கவும் அதுவே தாராளம்.

மூன்றாவதாக அந்த முக்கோண முட்டு. எல் பிராக்கெட் உடைவது எப்போதும் மடிப்பில்தான். தகட்டைச் சூடாக்காமல் கூர்மையாக மடித்திருந்தால் மடிப்பின் வெளிப்பக்கத்தில் இரும்பு இழுபட்டுப் போயிருக்கும், விரிசல் அங்கிருந்து கிளம்பும். தகடு எவ்வளவு தடிமனோ அந்த அளவுக்காவது மடிப்பு உருண்டையாக இருக்க வேண்டும். அல்லது இரண்டு துண்டாக வெட்டி, மூலையில் ஒரு முக்கோணத் துண்டை நிறுத்தி இருபக்கமும் வெல்டிங் செய்துவிடுங்கள். வெல்டிங் முடிந்ததும் கசடைத் தட்டி, கிரைண்டர் பிடித்து, துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்து, அதன்மேல் பெயின்ட். பம்பரில் உட்காரும் முகத்திலும் விளக்கு உட்காரும் முகத்திலும் மட்டும் பெயின்ட் மெல்லியதாக இருக்கட்டும். தடிமனான பெயின்டோ பவுடர் கோட்டிங்கோ போல்ட்டின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கும். நசுங்கிய அளவுக்கு போல்ட் தளரும். நட்டு திரும்பியே இருக்காது, ஆனால் பிடி போயிருக்கும்.

பிராக்கெட்டுக்கு அடியில் சைக்கிள் டியூப் வெட்டி வைக்கும் பழக்கம் நம் பக்கம் நிறைய இருக்கிறது. அதிர்வைக் குடிக்கும் என்று நினைத்து வைக்கிறார்கள். உண்மையில் அது விளக்கை மெத்தையில் உட்கார வைத்தது போலத்தான், ஆட்டம் கூடும். வேண்டாம். இரும்பு இரும்போடு நேராக உட்காரட்டும்.

சரி, பிராக்கெட் செய்தாயிற்று. எங்கே மாட்டுவது? என் அனுபவத்தில் வேலை கெடுவது இங்கேதான். பம்பர் முழுவதும் ஒரே மாதிரி கெட்டி இல்லை. சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கும் நடுவில் சுமார் இரண்டே முக்கால் அடிதான் அகலம். வண்டியோ எட்டடி. பம்பர் அந்த இரண்டு சட்டங்களில் பிடித்து நிற்கிறது. பிடிக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் இரண்டரை அடிக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிறது. பம்பரின் ஓரத்தைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், புரிந்துவிடும். எவ்வளவு நல்ல பிராக்கெட்டாக இருந்தாலும் ஆடுகிற ஓரத்தில் மாட்டினால் அதுவும் சேர்ந்து ஆடும்.

ஆனால் ஃபாக் லைட்டுக்கு ஓரம்தான் பிடித்த இடம். ரோட்டின் வெள்ளைக் கோட்டையும் மண் ஓரத்தையும் காட்டுவதுதான் அதன் வேலை. ஆகவே நான் செய்வது இது: பம்பரை சேஸிஸோடு பிடித்திருக்கும் இடத்தில் இருந்து ஓர் அடிக்குள், வெளிப்பக்கமாக விளக்கை வைப்பேன். இன்னும் ஓரத்துக்குப் போக வேண்டும் என்று ஓனர் விரும்பினால், பம்பரின் பின்னாலிருந்து சேஸிஸ் பக்கம் பம்பர் பிடித்திருக்கும் அதே பிராக்கெட்டுக்கு ஒரு பட்டையைக் குறுக்காக இழுத்துப் பிடிப்பேன். சேஸிஸ் சட்டத்தில் மட்டும் ஓட்டை போடாதீர்கள், வெல்டிங்கும் வைக்காதீர்கள். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் விழும் ஒரு சின்ன ஓட்டைகூட பிற்காலத்தில் விரிசலுக்கு வாசல் ஆகலாம். ஏற்கெனவே கம்பெனி போட்ட ஓட்டை காலியாக இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் பம்பர் எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. பழைய வகை இரும்புத் தகடு பம்பர் என்றால், அது 2, 3 மி.மீ. தகடுதான். அதில் நேராக போல்ட் போட்டால் தகரத்தில் மாட்டியது போல அந்த இடம் மட்டும் உள்ளேயும் வெளியேயும் துடிக்கும். பின்பக்கம் உள்ளங்கை அளவுக்கு, 5 மி.மீ. தகட்டை வைத்து, பம்பரை நடுவில் நசுக்கிப் பிடிப்பது போல முறுக்குங்கள். புது வண்டிகளில் வரும் பிளாஸ்டிக், ஃபைபர் பம்பராக இருந்தால் அதன் மேல்தோலில் எதையும் மாட்டவே கூடாது. தோலில் வயரும் பிராக்கெட் கழுத்தும் வர மட்டும் வழி விட்டு, பின்னால் இருக்கும் இரும்பில் பிடிக்க வேண்டும். அங்கேயும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே வரும் கார் லாரிக்கு அடியில் புகுந்துவிடாமல் தடுக்க முன்புறம் தாழ்வாக ஒரு குறுக்குச் சட்டம் புது வண்டிகளில் இருக்கலாம். அது உயிரைக் காக்க வைத்தது. அதில் ட்ரில் வைக்காதீர்கள். கிளாம்ப் போட்டு வெளியிலிருந்து பிடிக்க முடிந்தால் பிடிக்கலாம்.

இடம் குறித்துவிட்டு, ஓட்டை போடுவதற்கு முன்னால் கேபினை ஒருமுறை முன்னால் கவிழ்த்துப் பாருங்கள். கேபின் கவிழும்போது அதன் கீழ் விளிம்பு பம்பருக்கு மேலாக இறங்கி வரும். பம்பரின் மேல் நின்றுகொண்டிருக்கும் விளக்கு அங்கே இடித்து, கண்ணாடி உடைவதை ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளில் பார்த்துவிட்டேன். வயரையும் கேபினில் கட்டாமல் சேஸிஸ் பக்கமாக எடுத்துப் போங்கள். அடுத்தது, கண்ணாடி துடைக்க கிளீனர் எங்கே கால் வைத்து ஏறுகிறார் என்று பாருங்கள். அந்த வழியில் விளக்கு இருந்தால் அது படியாகிவிடும். 60 கிலோ ஆள் ஏறி நின்றால் 5 மி.மீ. தகடுகூட இறங்கிவிடும். நடுவில், வண்டியைக் கட்டி இழுக்க டோ பின் போடும் இடத்தையும் விட்டுவிடுங்கள்.

உயரம்: மூடுபனிக்கு எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நல்லது. ஹெட்லைட்டுக்கு மேலே போகவே கூடாது. டிரைவரின் கண்ணுக்குப் பக்கத்தில் விளக்கு இருந்தால் பனித்துளியில் பட்டுத் திரும்பும் ஒளி முழுக்க அவர் கண்ணுக்குத்தான் வரும். வெள்ளைச் சுவர் போல நிற்கும். கீழே இருந்து, அகலமாக, மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும் ஒளிதான் பனிக்கு அடியில் புகுந்து ரோட்டைக் காட்டும். இதனால்தான் கேபின் உச்சியில் வரிசையாக விளக்கு வைப்பது பனியில் பயன் தராது. மஞ்சள் விளக்கா வெள்ளை விளக்கா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பனித்துளிகள் ஒளி அலையின் நீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் எந்த நிறமானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறுகிறது. மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கிறது என்று டிரைவர் சொன்னால் மஞ்சளே போடுங்கள். அதைவிட ஒளியின் விளிம்புதான் முக்கியம்.

அந்த விளிம்பை இடம் மாறாமல் வைத்திருப்பது பிராக்கெட்தான். பிராக்கெட் ஒரே ஒரு டிகிரி மேல்நோக்கிப் போனாலும் 50 மீட்டர் தூரத்தில் ஒளி 87 செ.மீ. உயர்ந்துவிடும். ரோட்டில் விழ வேண்டிய ஒளி எதிரே வருகிற கார்காரர் முகத்தில் அடிக்கும். இருவழிச் சாலையில் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இரவு வண்டி ஓட்டிய யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதிப்படி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்குக் கூசாதபடி ஒளி எப்போதும் கீழ்நோக்கி இருக்க வேண்டும். 111-ஆவது விதி முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதைத் தடை செய்கிறது. விசேஷக் காரணம் இருந்தால் பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். ஆகவே கடைக்காரர் 'ரொம்ப தூரம் அடிக்கும்' என்று காட்டும் குறுகிய ஒளி எல்.இ.டி.யை வாங்காதீர்கள். உங்களுக்கு வேண்டியது அகல ஒளி ஃபாக் லைட்.

பைப் கிளாம்ப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது முன்னால் குழாய் கார்டு மாட்டிய பிக்கப், ஜீப்புகளுக்குப் பழக்கமானது. உங்கள் பம்பரில் குழாயே இல்லை என்றால் கிளாம்புக்காக ஒரு கார்டு வாங்கி மாட்டும் யோசனையே வேண்டாம். 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, கிராஷ் கார்டு, புல் பார் (இந்த மாதிரி முன்பக்கத் தடுப்புகள்) மாட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுக்கு எதிரானது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. கம்பெனியே கொடுத்த குழாய் ஏதாவது வண்டியில் இருந்து அதில் மாட்டுவதாக இருந்தால், குழாயின் வெளிவிட்டத்தை அளந்து அதே அளவு கிளாம்ப் வாங்க வேண்டும். பெரிதாக வாங்கி உள்ளே ரப்பர் திணித்தால், ஒவ்வொரு பள்ளத்துக்கும் விளக்கு தலையாட்டி, கடைசியில் தரையைப் பார்த்து நிற்கும். இரண்டு பாதியாக வந்து இருபக்கமும் போல்ட் போடும் கிளாம்ப் நல்லது. ஹோஸ் கிளிப் போன்ற பட்டை கிளாம்ப் லாரிக்கு ஆகாது.

எஸ்.எஸ். பிராக்கெட்டை நான் ஒதுக்கவில்லை. தூத்துக்குடியில் உப்பு லோடு ஏற்றும் வண்டி, துறைமுகத்துக்குள்ளேயே கிடக்கும் வண்டி என்றால் நானே எஸ்.எஸ்.தான் சொல்வேன். அங்கே எம்.எஸ். தகட்டின் வெல்டிங்கை உப்பு சீக்கிரம் தின்றுவிடும். ஆனால் 304 தரமா என்று கேட்டு வாங்க வேண்டும், 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பளபளப்பாகத் தொங்கும் பல பிராக்கெட்டுகள் 2 மி.மீ. தகடுதான். எஸ்.எஸ். என்பதால் துரு பிடிக்காது என்பது சரி, அதனால் விறைப்பு கூடிவிடாது. விளக்கின் உடல் அலுமினியமாக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் கெட்டியான நைலான் வாஷர் வையுங்கள். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீர் படப் பட அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். எஸ்.எஸ். போல்ட்டில் எஸ்.எஸ். நட்டை முறுக்கும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். தடவாவிட்டால் பாதியில் கடித்துக்கொள்ளும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

நம்பர் பிளேட் போல்ட்டிலேயே மாட்டும் பட்டை பிராக்கெட்டும் விற்கிறார்கள். லாரிக்கு அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

போல்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. பிராக்கெட்டை பம்பரோடு பிடிக்க இரண்டு போல்ட் வேண்டும். ஒரே போல்ட் என்றால் அது அச்சாணி போலாகி பிராக்கெட் சுற்றிக்கொள்ளும். தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்த எம்10 (10 மி.மீ.) போல்ட் போடுங்கள், விளக்கைப் பிடிக்க எம்8 போதும். வாஷர் பெரியதாக இருக்கட்டும், நைலான் வளையம் உள்ள லாக் நட் போடுங்கள். பிராக்கெட்டில் விளக்கு போல்ட்டுக்கு நீள் ஓட்டை வேண்டாம். அட்ஜஸ்ட் செய்ய வசதி என்று போடுகிறார்கள், ஆனால் விளக்கு தளர்ந்து நகர்வதும் அதே வழியில்தான். சாய்வை விளக்கின் சொந்த மூட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். எல்லாம் முறுக்கியதும் நட்டிலும் தகட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். முதல் 500 கி.மீ. ஓடியதும் டிரைவர் அந்தக் கோட்டைப் பார்த்தாலே நட்டு நகர்ந்ததா என்று தெரிந்துவிடும். கோடு நேராக இருந்தாலும் அந்த ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

வயரிங் தனிக் கதை, இங்கே பிராக்கெட்டோடு தொடர்புள்ளதை மட்டும் சொல்கிறேன். எர்த்தை (கரன்ட் திரும்பிப் போகும் இணைப்பை) பிராக்கெட்டில் எடுக்காதீர்கள். பெயின்டுக்கும் துருவுக்கும் நடுவில் அது நிற்காது, விளக்கு மினுங்கும். தனி வயரில் சேஸிஸ் எர்த்துக்குக் கொண்டுபோங்கள். உங்கள் வண்டி பெரும்பாலும் 24 வோல்ட்டாக இருக்கும், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 70 வாட் பல்பு இரண்டு போட்டால் ஏறக்குறைய 6 ஆம்பியர் ஓடும். ரிலேயும் 10 ஆம்பியர் ஃபியூஸும் போதும். 24 வோல்ட் என்றால் கார் கடையில் 12 வோல்ட் விளக்கை வாங்கி வந்துவிடாதீர்கள்.

கடைசியில் ஒளியைச் சரிபார்ப்பது. இதைக் காலி வண்டியில் செய்யாதீர்கள். லோடு ஏறினால் பின்பக்கம் இறங்கி மூக்கு தூக்கிக்கொள்ளும். நீங்கள் மெனக்கெட்டு வைத்த சாய்வு மாறிவிடும். லோடு ஏற்றிய அன்று மாலை, சமதரையில் ஒரு சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, அதற்கு 20 செ.மீ. கீழே இன்னொரு கோடு. ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். இன்ஜினை ஐடிலில் விட்டுப் பாருங்கள். சுவரில் விளிம்பு அசையாமல் நின்றால் பிராக்கெட் சரி. நடுங்கினால் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுங்கள். வேகம் கூடியதும் நடுக்கம் நின்றால், ஐடிலில் வரும் அதிர்வோடு பிராக்கெட் ஒத்து ஆடுகிறது என்று பொருள். கையைக் குட்டையாக்குங்கள், அல்லது விளக்கின் பின்பக்கத்திலிருந்து பம்பருக்கு இரண்டாவதாக ஒரு பிடி கொடுங்கள்.

பம்பர் இரும்பா ஃபைபரா, விளக்கின் எடை எவ்வளவு, சேஸிஸ் பிடியில் இருந்து நீங்கள் நினைத்திருக்கும் இடம் எத்தனை அங்குலம் என்று மூன்றையும் அளந்து எழுதுங்கள். தகட்டை எந்த அளவில் வெட்ட வேண்டும், ஓட்டையை எங்கே போட வேண்டும் என்று சொல்கிறேன்.